அண்ணி வைத்த சிவப்புக் குறி

என் வீட்டுக்காரரின் அக்காவுக்குத் தெருவில் சிஐடி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் அண்ணி கோபித்துக்கொள்ள மாட்டார். "யாராவது ஒருத்தர் கவனிச்சுக்கிட்டு இருக்கணும் இல்ல?" என்பார்.

எங்கள் வீட்டு மாடி அறையில் தனியாக இருக்கிறார். தனி அடுப்பு, தனி வாசல், தனிப் பூட்டு. பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். கீழே இறங்கி வந்து, மறுபடி ஏறிப்போய் நாலாவது தடவை இழுப்பார். சர்க்கரை டப்பாவை மூடுவதற்கு முன் சர்க்கரையின் மேல் கரண்டிக் காம்பால் ஒரு கோடு போட்டு வைப்பார். யாராவது அள்ளினால் கோடு கலைந்துவிடும். எண்ணெய் பாட்டிலில் அளவு குறிப்பார், ஆனால் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு. "நேரா வச்சு கோடு போட்டா, எடுக்கிறவ தண்ணி ஊத்தி சரிக்கட்டிடுவா. இப்படிப் போட்டா அவளுக்கு கோடு எதுக்குன்னே புரியாது" என்பார். அந்த அறைக்குள் போய் சர்க்கரை எடுக்க இருக்கிற ஒரே ஆள் நான்தான். இதை நான் ஒருநாள் கேட்டேன். "உன்னைச் சொல்லலைம்மா, பொதுவாச் சொன்னேன்" என்றார். பொதுவாக என்றால் நான்தான்.

சும்மா வந்த குணம் இல்லை இது. அண்ணியின் புருஷனுக்கு வாயில் தேன் ஒழுகும். ஒருநாள், "செயின் மங்கிக் கிடக்கு, குடு, பாலிஷ் போட்டுட்டு வர்றேன்" என்று கழுத்தில் கிடந்ததைக் கழற்றி வாங்கிக்கொண்டு போனார். ஒரு சிவப்பு வெல்வெட் பெட்டியில், பளபளவென்று திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார். தன் கையாலேயே கழுத்தில் மாட்டிவிட்டார். அண்ணி அதைப் பல வருஷம் போட்டுக்கொண்டு நடந்தார், குளித்தார், தூங்கினார். பிற்பாடு அந்த மனுஷன் இன்னொரு ஊரில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு போன பிறகு, வீட்டு வரைபடம் போடும் படிப்புக்குப் பணம் கட்டுவதற்காக செயினை அடகு வைக்கப் போனார். கடைக்காரர் கல்லில் உரசினார். இன்னொரு தடவை உரசினார். பிறகு பேசாமல் பெட்டியை மூடி அண்ணி பக்கம் தள்ளிவைத்தார்.

பித்தளைக்கு மேலே தங்க முலாம்.

புருஷன் போனதற்கு அண்ணி அழுததை நான் பார்த்ததில்லை. செயினுக்கு அழுதார். "கழுத்துலயே கிடந்துச்சு, எனக்குத் தெரியல பாரு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்குப் பிறகுதான் கோடு போடுவதும் குறி வைப்பதும் ஆரம்பித்தது.

படிப்பை எப்படியோ முடித்தார். பழைய லேப்டாப் ஒன்று வாங்கினார். கட்டடம் கட்டும் இன்ஜினியர் ஒருவருக்கு வீட்டு வரைபடங்கள் போட்டுக்கொடுக்க ஆரம்பித்தார். சமையலறை எங்கே, படி எங்கே, ஜன்னல் எந்தப் பக்கம் என்று கோடு கோடாக இழுக்கும் வேலை. கை சுத்தம், கணக்கு சுத்தம். மாசம் பிறந்தால் தம்பி வேண்டாம் வேண்டாம் என்றாலும் மாடி வாடகையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வாங்கியதற்கு ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொள்வார். கூடப் பிறந்தவனிடம்.

அந்த லேப்டாப்தான் ஒரு வியாழக்கிழமை செத்தது. அதுவும் எப்போது என்கிறீர்கள். இன்ஜினியர் முதல்முறையாக ஒரு முழு அடுக்குமாடிக் கட்டடத்தின் வரைபடத்தை அண்ணியை நம்பிக் கொடுத்திருந்தார். திங்கட்கிழமை காலை கொடுத்தாக வேண்டும். முக்கால்வாசி போட்டாகிவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. பொத்தானை அமுக்கினால் விளக்கு எரியவில்லை, காற்றாடி சுற்றவில்லை, ஒன்றும் இல்லை.

"என் ஆபீஸ் லேப்டாப்பை சனி ஞாயிறு வச்சுக்கக்கா" என்றார் என் வீட்டுக்காரர்.

"அதுல படம் போடுற சாப்ட்வேர் இருக்கா?"

"இல்ல. ஏத்தவும் விடமாட்டாங்க."

"அப்ப அதை வச்சு நான் பாட்டு கேக்கட்டுமா?"

அண்ணிக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியும். இந்த வேலை தவறினால் இன்ஜினியர் வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார், பிடித்தவர் விடமாட்டார். அப்புறம் அண்ணி கீழே இறங்கி வந்து எங்கள் தட்டில் சாப்பிட வேண்டியிருக்கும். அதற்குப் பதில் அவர் பட்டினி கிடப்பார். நாங்கள் கொடுக்கமாட்டோம் என்பதால் இல்லை, கொடுப்போம் என்பதால்.

முதலில் பெரிய கடைக்குப் போனோம். கண்ணாடிக் கதவு, ஏசி, டோக்கன். ஒரு பெண் லேப்டாப்பை உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். அண்ணி கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார். அந்தப் பெண் திரும்பி வந்து, "மதர்போர்டு போயிடுச்சு மேம். நாங்க போர்டு ரிப்பேர் பண்றதில்ல, புதுசுதான் மாத்துவோம்" என்று ஒரு விலை சொன்னாள். லேப்டாப் வாங்கின விலையே அவ்வளவு வராது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

"அதுக்குள்ள எப்படிம்மா கண்டுபிடிச்சே?" என்றார் அண்ணி.

"டெஸ்ட் பண்ணினோம் மேம்."

"நான் பாத்துக்கிட்டுதானே இருந்தேன். நீ அதை மேஜைல வச்சுட்டு டீ குடிச்சே."

அந்தப் பெண் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள். நாங்கள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டோம்.

எங்கள் பேட்டையில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் ஒருவர் இருக்கிறார், போர்டையே பிரித்துச் செத்துப்போன சின்னச் சின்னப் பொருளை மட்டும் மாற்றிக்கொடுப்பார், செலவு குறைவு என்று ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னார். அண்ணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். வெளியே வந்ததும் என் காதில், "கமிஷன் இல்லாம இந்தக் காலத்துல யாரு யாருக்கு வழி சொல்றா?" என்றார்.

ஆனாலும் வேறு வழி இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணி ஒரு காரியம் செய்தார். கூட நான் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

என் வீட்டுக்காரரின் திருப்புளிப் பெட்டியை எடுத்து வந்து லேப்டாப்பின் பின்மூடியைக் கழற்றினார். திருகுகளை ஒரு தட்டில் வரிசையாக வைத்தார். என் மகளின் சிவப்பு நெயில் பாலிஷைத் திறந்தார்.

"என்ன அண்ணி பண்றீங்க?"

"இந்த ரிப்பேர்க்காரங்க நல்ல பொருளை எடுத்துக்கிட்டு மட்டமானதை மாட்டிக் குடுத்துடுவாங்களாம். எனக்குத் தெரியாமப் போகாது இந்தத் தடவை."

டிஸ்க்கில் ஒரு புள்ளி. காற்றாடியில் ஒரு புள்ளி. போர்டில் ஒரு மூலையில் ஒன்று. கடைசியாக ரேமுக்கு வந்தார். ரேம் என்பது நம் நடுவிரல் நீளத்துக்கு ஒரு சின்னப் பலகை. போர்டில் ஒரு பள்ளத்தில் செருகி, இரண்டு பக்கமும் கொக்கி பிடித்திருக்கும். அண்ணி கொக்கியை நெம்பினதும் அது டக்கென்று எழும்பி நின்றது. நான் செல்போன் வெளிச்சத்தைக் கிட்டக் கொண்டுபோனேன். உருவி எடுத்துப் பார்த்தால், ஒரு ஓரம் முழுக்க வரிசையாகப் பொடிப் பொடிப் பற்கள். தங்க நிறம்.

அண்ணியின் முகம் மாறியது.

"பாத்தியா? இதுதான். இதைத்தான் எடுப்பான்."

"தங்கமா அண்ணி அது?"

"நிறத்தைப் பாரு. உண்மையானது இப்படித்தான் மின்னும், எனக்குத் தெரியாதா?"

குச்சியால் தொட்டு, அந்தத் தங்கப் பற்களின் மேல் நடுவாக ஒரு பட்டை போட்டார். உஃப் உஃப் என்று ஊதினார். காய்ந்ததும் மறுபடி பள்ளத்தில் செருகி அமுக்கினார். பல்லெல்லாம் உள்ளே போய் மறைந்துவிட்டது. அதற்கு மேல் கொக்கியும் பலகையும் சேரும் இடத்தில் இன்னொரு சொட்டு வைத்தார், பாதி இதில் பாதி அதில் படும்படி.

"ரெண்டு எதுக்கு?"

"வெளியில இருக்கிறது அவன் கண்ணுக்கு. கழட்டினா உடையும். கெட்டிக்காரனா இருந்தா திரும்ப அதே மாதிரி ஒண்ணு வச்சிடுவான். உள்ள இருக்கிறது என் கண்ணுக்கு. அது இருக்குன்னே அவனுக்குத் தெரியாது."

இந்த மூளையை அண்ணி வேறு எதற்காவது செலவு செய்திருந்தால் நாங்கள் எல்லோரும் இன்றைக்கு எங்கேயோ இருப்போம்.

வெள்ளிக்கிழமை காலை ரிப்பேர் கடைக்குப் போனோம். ஒரே அறை. மேஜை மேல் வளையமான விளக்கோடு பெரிய பூதக்கண்ணாடி, சூடான காற்று ஊதும் குழல், ஈயம் கருகின வாசனை. சுவரில் எலும்புக்கூடு மாதிரி தொங்கும் பழைய லேப்டாப்கள். கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். சிரித்தால் காசு கேட்டுவிடுவார்கள் என்பது போன்ற முகம். மேஜைக்கு நேர் மேலே கூரையில் ஒரு கேமரா. வாசலைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்தது; மேஜைக்கு இந்தப் பக்கம் உட்காரும் நம்மையும் பார்த்தது.

அதை அண்ணி உடனே கவனித்துவிட்டார். என் முழங்கையில் ஒரு இடி இடித்தார்.

கடைக்காரர் மூடியைக் கழற்றினார். சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தார். நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். "இதுக்கு முன்னாடி எங்க காட்டினீங்க?"

அண்ணி பெரிய கடையின் பெயரைச் சொன்னார்.

"ம்" என்றார். தன் போனை எடுத்து ஒவ்வொரு மூலையாகப் போட்டோ எடுத்தார். அதைப் பார்த்து அண்ணியும் தன் போனை எடுத்து அதே மூலைகளைப் போட்டோ எடுத்தார். இருவரும் ஒரு மணப்பெண்ணைச் சுற்றி வந்த இரண்டு போட்டோகிராபர்கள் மாதிரி மேஜையைச் சுற்றி வந்தார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

பிறகு அவர் மீட்டரின் இரண்டு ஊசியையும் போர்டில் வைத்தார். அது பீப் என்று விடாமல் கத்தியது.

"ஷார்ட் ஆகுது. போர்டு முழுசாப் போகலை. ஒரு சின்ன கெபாசிட்டர் உள்ளுக்குள்ள செத்திருக்கும். கண்டுபிடிச்சு மாத்தணும். வச்சுட்டுப் போங்க."

"நான் இங்கயே உக்காந்துக்கறேன் தம்பி."

"யாரையும் உக்கார விடுறதில்ல மேடம். கை ஓடாது."

"ஒழுங்கா வேலை செய்யுற கை யாரு பாத்தாலும் ஓடும்."

"அப்ப ஓடுற கையாப் பாத்துக் குடுங்க."

நான் அண்ணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். படி இறங்கும்போது, "மடியில கனம் இல்லாதவனுக்கு வழியில என்ன பயம்? ஏன் உக்கார விடமாட்டேங்கறான்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. அண்ணி ஒலிபெருக்கியில் போட்டார், நானும் சாட்சியாகக் கேட்கட்டும் என்று.

"மேடம், ஷார்ட் எடுத்தாச்சு. பவர் வருது. ஆனா ஸ்கிரீன் வரலை. நேர்ல ஒரு தடவை வாங்க, பேசணும்."

போனை வைத்ததும் அண்ணி என்னைப் பார்த்தார். "ஆரம்பிச்சுட்டான். முதல்ல சின்னதும்பான், அப்புறம் பெருசும்பான், அப்புறம் போர்டே மாத்தணும்பான். நீ பாரு."

போனோம். கடைக்காரர் பொத்தானை அமுக்கிக் காட்டினார். விளக்கு எரிந்தது. காற்றாடி சுற்றியது. திரை மட்டும் கருப்பு. ஒரு டேப் துண்டில் ஒட்டிவைத்திருந்த பொருளை நீட்டினார். கடுகுக்குத் தம்பி மாதிரி இருந்தது.

"இதான் செத்த கெபாசிட்டர்."

"இதை நான் எடுத்துக்கலாமா?"

"எதுக்கு?"

"என்னுது."

அவர் தோளைக் குலுக்கிவிட்டுக் கொடுத்தார். அண்ணி அதைப் பர்ஸில் வைத்தார்.

"இனி என்னன்னா மேடம்" என்று கடைக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "இப்படி ஸ்கிரீன் வரலைன்னா நாங்க முதல்ல ரேமைத்தான் கழட்டுவோம். அதோட பல்லுல அழுக்கோ பிசுக்கோ ஏதாவது இருந்தா உள்ள போய்த் தொடாது. அழிரப்பரால தேய்ச்சுப் போட்டா பத்துல அஞ்சு லேப்டாப் ஓடிடும். ஆனா இதுல நான் கை வைக்க மாட்டேன்."

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி கூரைக் கேமராவைப் பார்த்தார்.

"ஏன்?" என்றேன் நான்.

"சீல் இருக்கே. முன்னாடி பாத்த கடைக்காரங்க கொக்கியில சிவப்பு வச்சு சீல் பண்ணியிருக்காங்க. போன வருஷம் ஒரு ஆள் இப்படித்தான் கொண்டுவந்தார். நான் நல்ல மனசோட கழட்டித் தொடைச்சுக் குடுத்தேன். மறுநாள் வந்து, நீதான் ரேமை மாத்திட்டேன்னு கீழே தெருவுல நின்னு சத்தம். எல்லாரும் கூடிட்டாங்க. என் பொண்ணு ஸ்கூல் விட்டு வந்துகிட்டு இருந்தா." அவர் மேஜையில் கிடந்த ஒரு திருகை எடுத்து டப்பாவில் போட்டார். "அதுல இருந்து சீல் இருந்தா தொடுறதில்ல. அந்தக் கடைக்கே போய் சீலை எடுத்துட்டு வாங்க. இல்ல, செவ்வாய்க்கிழமை ஒரு பழைய போர்டு வருது, உங்க மாடல்தான், ரேமோட சேர்ந்து. மாத்திடலாம். பெரிய கடை சொன்னதுல பாதிகூட ஆகாது. உங்க பழைய போர்டையும் ரேமையும் நான் எடுத்துக்கிட்டா இன்னும் குறைச்சுக்கறேன்."

அந்தக் கடைசி வரி இருக்கிறதே. அண்ணியின் முதுகு நிமிர்ந்தது. நான் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். அவர் எழுந்து வெளியே போனார். நானும் பின்னால் போனேன்.

படிக்கட்டில் இருவரும் நின்றோம். கீழே ஜெராக்ஸ் மெஷின் சரக் சரக் என்று ஓடிக்கொண்டிருந்தது.

"கேட்டியா? பழைய ரேமை அவன் எடுத்துக்கறானாம். நான் சொல்லல?"

"அண்ணி, அதுல அவர் கையே வைக்கலை. அதான் பிரச்சினை. பல்லுல பிசுக்கு இருந்தா தொடாதுங்கறார். பிசுக்கு என்ன, நீங்க பட்டையே போட்டு வச்சிருக்கீங்க."

"நெயில் பாலிஷ் அவ்வளவு கனமா இருக்குமா?"

"எனக்கு எப்படித் தெரியும். அவர்கிட்டச் சொல்லுங்க."

"சொன்னா அவனுக்குத் தெரிஞ்சிரும்."

"தெரிஞ்சா என்ன?"

"அப்புறம் குறி எதுக்கு?"

"அப்ப செவ்வாய்க்கிழமை வரைக்கும் குறியைக் கட்டிக்கிட்டு அழுங்க" என்றேன்.

"இதுவும் அவன் நாடகமா இருந்தா? நான் வாயைத் திறந்து சொல்லணும்னே சீல் கதை சொல்றானோ என்னவோ."

"இருக்கலாம். உங்க செருப்பைக்கூட இந்நேரம் மாத்தியிருப்பார். காலைப் பாருங்க."

அவர் உண்மையிலேயே குனிந்து பார்த்தார். அப்போது போன் அடித்தது. இன்ஜினியர். அண்ணி ஒலிபெருக்கியில் போடவில்லை. ஆனாலும் அந்த மனுஷனின் குரல் படிக்கட்டு முழுக்கக் கேட்டது. திங்கட்கிழமை காலையில் கையில் இருக்க வேண்டும், முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், தப்பாக நினைக்கமாட்டேன், ஒரு பையன் தயாராக இருக்கிறான், இனி எல்லாவற்றையும் அவனிடமே கொடுத்துவிடலாம்.

அண்ணி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். 

"முடியும் சார்" என்றார். "திங்கட்கிழமை காலையில வரும்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் உள்ளே போனார். நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார்.

"அது அந்தக் கடைக்காரங்க வச்ச சீல் இல்ல. நான் வச்சது."

கடைக்காரர் கையில் இருந்த ஊசியைக் கீழே வைத்தார். "நீங்களா?"

"ஆமா. நெயில் பாலிஷ்."

"நான் திருடிடுவேன்னா?"

"ஆமா."

இந்த மாதிரி இடத்தில் நான்கு வார்த்தை பூசி மெழுகுவார்கள். அண்ணிக்கு அது வராது. கடைக்காரர் முகம் சிவந்தது. எழுந்து எங்களை வெளியே போகச் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் கூரையைக் காட்டினார்.

"அந்தக் கேமரா எதுக்குன்னு நினைச்சீங்க?"

"கள்ளன் வருவான்னு."

"கள்ளனுக்குன்னா வாசலைப் பாக்கும்படிதானே வைப்பேன். நீங்க என் மேல பழி போட்டாக் காட்டுறதுக்கு. நேத்து நீங்க போட்டோ எடுத்ததுகூட அதுல இருக்கு."

அண்ணி கேமராவை நிமிர்ந்து பார்த்தார். முதல்முறையாக அந்த ஆளை ஒரு ஆளாகப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

"நல்ல கேமராவா?" என்று கேட்டார்.

"ஆடியோவும் பதியும்."

"ம்."

"இப்பக் கழட்டலாமா?"

"கழட்டுங்க. உள்ளயும் ஒண்ணு இருக்கு."

கடைக்காரர் கொக்கியை நெம்பினார். வெளிக்குறி இரண்டாகப் பிளந்தது. ரேமை உருவிப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தார். பிறகு கண்ணாடியைத் திருப்பி அண்ணி பக்கம் காட்டினார். தங்கப் பற்கள் ஒவ்வொன்றும் விரல் தடிமனில் தெரிந்தன. அவற்றின் மேலே, பல் ஈறு வீங்கினாற்போல, என் மகளின் சிவப்பு நெயில் பாலிஷ் கட்டிபட்டுக் கிடந்தது.

"இவ்வளவு பெரிய லேப்டாப்புல வேற இடமே கிடைக்கலையா?"

"தங்கம் அங்கதானே இருக்கு."

"மேடம், இதுல இருக்கிற தங்கத்தைச் சுரண்டினா ஒரு கொசுவுக்கு மூக்குத்தி வராது."

"இருந்தாலும் தங்கம்தானே."

அவர் தின்னரில் பஞ்சை நனைத்து மெதுவாகத் துடைத்தார். பிறகு ஒரு சாதாரண அழிரப்பரை எடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளை தப்பை அழிப்பது போலப் பற்களைத் தேய்த்தார். பள்ளத்துக்குள்ளும் பார்த்து ஒரு சிவப்புத் துணுக்கை இடுக்கியால் எடுத்தார். செருகினார். அமுக்கினார். பொத்தானைத் தொடுவதற்கு முன் அண்ணியைப் பார்த்தார்.

"நீங்களே அமுக்குங்க. நான் அமுக்கி வரலைன்னா அதுக்கும் நான்தான் காரணம்பீங்க."

அண்ணி அமுக்கினார். விளக்கு. காற்றாடி. திரையில் கருப்பு. கருப்பு. அப்புறம் ஒரு வெள்ளைக் கீற்று, அப்புறம் நீல வெளிச்சம், அப்புறம் அண்ணி திரையில் வைத்திருக்கும் அந்த ஒற்றை வாழைப்பழப் படம். ஏன் வாழைப்பழம் என்று நான் கேட்டதில்லை.

அண்ணி உட்கார்ந்தார். நாற்காலி அங்கே இருக்கிறதா என்று பார்க்காமலே உட்கார்ந்தார். அதுவே பெரிய விஷயம். நேராகத் தன் வரைபடத்தைத் திறந்தார். மூன்றாவது மாடிப் படிக்கட்டு பாதியில் நின்றுகொண்டிருந்தது, வியாழக்கிழமை விட்ட இடத்திலேயே.

சும்மா எழுந்து வந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். மூடி போடுவதற்கு முன் டிஸ்க்கின் புள்ளி, காற்றாடியின் புள்ளி, போர்டின் மூலைப் புள்ளி எல்லாவற்றையும் போனில் இருந்த போட்டோவோடு ஒன்று ஒன்றாக ஒத்துப்பார்த்தார். கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எல்லாம் சரியா இருக்காக்கா?"

மேடம் எப்போது அக்காவானது என்று எனக்குத் தெரியவில்லை.

"இருக்கு."

"அடுத்த தடவை வைக்கிறதா இருந்தா பல்லுல வைக்காதீங்க. இதோ, மேல ஸ்டிக்கர் இருக்கில்ல, அதுல வைங்க. ஒண்ணும் ஆகாது."

"ஸ்டிக்கரை உரிச்சு வேற ஒண்ணுல ஒட்டிட்டா?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "உரிச்சா ஓரம் சுருங்கும். வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா தெரியும்" என்றார்.

அண்ணி அதை மனதில் எழுதிக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

கடைக்காரர் கெபாசிட்டர் மாற்றியதற்கு மட்டும் பணம் வாங்கினார். அழிரப்பருக்கு வேண்டாம் என்றார். அண்ணி உடனே, "ஏன் வேணாம்?" என்று கேட்டார். ஒரு ஆள் ஒரு பொருளை இலவசமாகக் கொடுத்தால் அண்ணிக்குத் தூக்கம் வராது. "சரி, குடுங்க" என்று கடைக்காரர் அதையும் வாங்கிக்கொண்டார். அப்போதுதான் அண்ணி படியிறங்க ஒத்துக்கொண்டார்.

அன்றும் மறுநாளும் மாடியில் மௌஸ் சத்தம் மட்டும் கேட்டது. திங்கட்கிழமை காலை இன்ஜினியர் ஆபீசுக்கு வருவதற்குள் வரைபடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் சொன்ன அந்தப் பையனுக்கு இன்று வரை அவரிடம் வேலை கிடைக்கவில்லை. அண்ணி அவனைத் தெருவில் எங்காவது பார்த்தால் எனக்குக் காட்டுகிறேன் என்றிருக்கிறார். எப்படி அடையாளம் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கண்டுபிடித்துவிடுவார்.

செத்த கெபாசிட்டரை டேப்போடு சேர்த்து அந்தச் சிவப்பு வெல்வெட் பெட்டிக்குள், முலாம் போட்ட செயினுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அதில் அவர் என்ன கண்டார் என்று தெரியாது. அந்தப் பெட்டியைப் பூட்டுவதில்லை. குறியும் வைப்பதில்லை. அறையில் அவர் இரண்டும் செய்யாத ஒரே சாமான் அதுதான்.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் தனக்கென்று ஒரு பழைய லேப்டாப் வாங்கியிருந்தார். போன மாதம் அது மக்கர் பண்ணியது. பெரிய கடைக்கா, ஜெராக்ஸ் மாடிக்கா என்று யோசித்துக்கொண்டு இருந்தார். அண்ணி மாடிப்படியில் நின்றபடி, "அந்தத் தம்பிகிட்டயே குடு" என்றார்.

"என்னக்கா, அவர் மேல அவ்வளவு நம்பிக்கை வந்துடுச்சா?"

"நம்பிக்கையெல்லாம் இல்ல" என்றார் அண்ணி. "அவனும் யாரையும் நம்பமாட்டான். அது போதும்."

சொல்லிவிட்டு மேலே போனார். பூட்டை இழுக்கும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. நான் நாலாவதுக்காகக் காத்திருந்தேன். அதுவும் கேட்டது.